ஒன்றாம் காம்பராவின் பேர்

அப்பாவுக்கு ஆபீசில் என்ன வேலை என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டு வந்தேன். போன கிழமை சின்னவள் பள்ளிக்கூடத்தில் "எங்க அப்பா பேர் ஏத்துறவரு" என்று சொல்லி, வகுப்பே சிரித்ததாம். சிரிக்க ஒன்றுமில்லை. அவள் சொன்னதுதான் சரி. நான் பேர் ஏற்றுகிறவன். அது எப்படிப்பட்ட வேலை என்று ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன். வாயால் சொல்லப் போனால் பாதியில் விட்டுவிடுகிறேன்.

நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. ஓ.எல். பரீட்சை முடித்தேன், ஏ.எல். சரிவரவில்லை. ஹட்டனில் ஒரு துணிக்கடைக்கு மேலே நடந்த கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனேன். மிச்சத்தை வேலையில்தான் கற்றுக்கொண்டேன். அதனால் எனக்குத் தெரிந்த மாதிரியே சொல்கிறேன்.

எங்கள் ஆபீஸ் இருப்பது ஒரு பழைய தேயிலை ஸ்டோரில். தேயிலை அரைத்த காலம் போய்விட்டது. கீழ்த் தளம் வெறுமையாகக் கிடக்கிறது. மேலே, கொழுந்தை வாட்டுவதற்குப் பரப்பி வைத்த மாடித் தட்டில், பலகை அடித்து அறைகளாக்கியிருக்கிறார்கள். அதில் கடைசி அறை என்னுடையது. பெரிய கம்ப்யூட்டர் அங்கேதான் இருக்கிறது. பனி ஏறினால் ஜன்னலுக்கு வெளியே மலையே இருக்காது. கீழே காற்று நுழையும்போது யாரோ கொழுந்தை அள்ளிப் பரப்புகிற மாதிரி ஒரு சரசரப்பு கேட்கும். எத்தனை வருஷமானாலும் அந்தச் சத்தம் எனக்குப் பழகவில்லை. ஸ்டோர் வாச்சர் வெள்ளிக்கிழமைகளில் பழைய ரோதைச் சக்கரம் இருந்த இடத்தில் ரோதமுனிக்குச் சூடம் கொளுத்துவார். ரோதமுனி மெஷின்களைக் காக்கிற சாமி. கொளுத்திவிட்டு மேலே வந்து என் அறை வாசலிலும் தட்டைக் காட்டிவிட்டுப் போவார். "இதுவும் ரோதைதானே சேர். சுத்துது, சத்தம் போடுது, ஆளையும் திங்கும்" என்பார்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளே டிரெக்டரி என்று ஒன்று இருக்கிறது. எங்கள் தோட்டங்களில் இருக்கிற எல்லா மெஷினும் போய் விசாரிக்கிற இடம் அது. கொழுந்து நிறுக்கிற தராசு, ஆபீஸ் கதவு, கிளாக்கர்மாருடைய கம்ப்யூட்டர், எல்லாமே "இவர் யார்? எந்த லயம்? எந்தக் காம்பரா?" என்று அங்கேதான் கேட்கும். அங்கே பேர் இருந்தால் ஆள் உண்டு. இல்லாவிட்டால், நேரில் வந்து நின்று சத்தியம் செய்தாலும் மெஷினுக்கு அந்த ஆள் இல்லைதான்.

மழை எச்சரிக்கையும் அதே டிரெக்டரியைப் பார்த்துத்தான் போகும். மஸ்கெலியாப் பக்கமுள்ள எங்கள் கீழ்ப் பிரிவில் ஆற்றோரமாக ஒரு லயம் இருக்கிறது, ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பராவாக ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசை. முன்னால் ஆறு, பின்னால் செங்குத்தாக மண். மழை விடாமல் பெய்தால் அங்கே இருக்கிறவர்கள் மேலே பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்துவிட வேண்டும். அதற்காக ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு பேரும் ஒரு போன் நம்பரும் டேபிள் என்கிற பட்டியலில் உண்டு. நான் பட்டனை அமுக்கினால், பேரைச் சொல்லிக் கூப்பிட்டு மெசேஜ் போகும்: "வணக்கம் இன்னார். உடனே வெளியேறி மண்டபத்துக்கு வரவும். கிடைத்ததும் 1 என்று பதில் அனுப்பவும்." பதில் வந்தால் என் திரையில் அந்தப் பேருக்கு நேரே 1 என்று விழும். மாதத்துக்கு ஒரு தரம் ஒத்திகையும் பார்ப்போம். இதுதான் என் வேலையிலேயே பயமான வேலை. டேபிளில் ஒரு காம்பரா விட்டுப்போனால், அந்தக் காம்பராவை யாரும் எழுப்ப மாட்டார்கள்.

பேர்களை நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடிப்பதில்லை. பிரிவு ஆபீசிலிருந்து கிளாக்கர் ஒரு பைல் அனுப்புவார். நான் பழையதை அழித்துவிட்டுப் புதியதை நிரப்புவேன். மேலுக்கு மேல் சேர்க்கிற வழியும் இருக்கிறது. அப்படிச் செய்தால் காம்பராவை விட்டுப் போனவர்களெல்லாம் டேபிளில் தங்கிவிடுவார்கள். அதனால் எப்போதுமே அழித்து நிரப்புவதுதான்.

கீழ்ப் பிரிவின் கிளாக்கர் ஓர் அக்கா. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அவர் அனுப்பிய முதல் பைலை நான் ஏற்றிய அன்றைக்கு அந்தப் பிரிவே காணாமல் போயிற்று. பழையது அழிந்துவிட்டது, புதியது ஏறவில்லை. கொழுந்துக் கூடையோடு பெண்கள் தராசுக்கு முன்னால் நிற்க, தராசு ஒருத்தரையும் தெரியாது என்கிறது. தோட்டத்துத் தொரை போனில் கத்துகிறார். பைலைத் திறந்து பார்த்தேன். முதல் வரியில் ஓர் எழுத்து மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, தலையில ஒரு 'உ' போட்டிருக்கீங்களே, என்னது அது?"

"என்ன தம்பி கேள்வி இது? பிள்ளையார் சுழி. உங்க வீட்டுல கடைச் சாமான் எழுதுறப்பகூட போட மாட்டீங்களா?"

"மெஷினுக்குப் போடக் கூடாதுக்கா. ஒவ்வொரு வரியிலயும் காம்பரா, பேர், போன் நம்பர் மூணும் இருக்கணும். பிள்ளையார் எந்தக் காம்பரான்னு கேக்குது."

"ஆத்தோரத்து மரத்தடியில இருக்காரு. அந்த அட்ரஸைக் குடுங்க."

"போன் நம்பர்?"

"அவருக்கு எதுக்கு போனு? கூப்பிட்ட குரலுக்கு வர்றவரு. உங்க மெஷின் மாதிரியா, ஒரு எழுத்தைப் பார்த்து மயக்கம் போட்டு விழுறதுக்கு?"

சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சரி சரி என்பார். அடுத்த பைலிலும் 'உ' இருக்கும். "கை தானா போட்டுருது தம்பி, நான் என்ன பண்ண?" என்பார். கடைசியில் நானே தோற்றுப்போய், அந்தப் பிரிவின் பைல் வந்தால் முதல் வரியை வெட்டிவிட்டு மிச்சத்தை ஏற்று என்று கம்ப்யூட்டருக்கு ஒரு கட்டளை எழுதி வைத்தேன். அவரிடம் சொன்னபோது, "ஆகக் கடைசியில பிள்ளையாரையே வெட்டிட்டீங்களா? பாவம் உங்களுக்குத்தான், எனக்கில்ல" என்று சிரித்தார். பிறகு அந்தக் கட்டளையை நானும் மறந்துவிட்டேன்.

அக்கா காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரவில்லை. அவ்வளவுதான் என்னால் எழுத முடியும். வீட்டுக்காரர் கொழுந்து லொறி ஓட்டுகிறவர். ஒரே மகள், பெரிய வகுப்பில் படிக்கிறாள். அந்த ஆற்றோர லயத்தில் அவர்கள்தான் ஒன்றாம் காம்பரா. சாவு வீட்டுக்கு நான் போயிருந்தேன். அவர் அக்காவுடைய போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். யாராவது எழுந்திரிக்கச் சொன்னால், "இருங்க, போன் வரும்" என்பார்.

கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் புதுக் கிளாக்கர் வந்தார். சிங்களப் பிள்ளை, நல்ல சுறுசுறுப்பு. தமிழ் கொஞ்சம் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். அவர் பைல் அனுப்பினார், நான் ஏற்றினேன். மெஷின் ஒரு முனகலும் இல்லாமல் எடுத்துக்கொண்டது.

மாத ஒத்திகை முடிந்த மறுநாள் மத்தியானம் படியில் காலடிச் சத்தம் கேட்டது. அக்காவின் வீட்டுக்காரர். லொறியை வீதியில் நிறுத்திவிட்டு நனைந்துபோய் வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சேர், அவளுக்கு மெசேஜ் வரல."

எனக்கு விளங்கவில்லை. "யாருக்குண்ணே?"

"அவளுக்கு. எல்லா வீட்டுக்கும் வந்திச்சு. பக்கத்துக் காம்பராவுல டிங்குன்னு அடிச்சது சுவர் வழியா கேட்டுச்சு. நான் அவ போனை சார்ஜ் போட்டுக் கையிலயே வச்சிருந்தேன். வரல."

டேபிளைத் திறந்தேன். ஆற்றோர லயம் இரண்டாம் காம்பராவில் தொடங்குகிறது. ஒன்று இல்லை. புதுக் கிளாக்கருக்குப் போன் எடுத்தேன். "ஏ அகுர மொகக்த கியலா தன்னெ நே சேர்" என்றார். அந்த எழுத்து என்னவென்று தெரியவில்லை, டைப் பிழை என்று நினைத்து எடுத்துவிட்டாராம். அவர் சுழியை எடுத்துவிட, அது இல்லாத பைலில் என் கட்டளை முதல் வரியை வெட்டியிருக்கிறது. முதல் வரி ஆற்றோர லயத்து ஒன்றாம் காம்பரா. அக்காவின் கை இருந்த வரைக்கும் அந்த ஓர் எழுத்து முன்னால் நின்று வெட்டை வாங்கிக்கொண்டிருந்தது. கை போனதும் வெட்டு அவர் வீட்டில் விழுந்தது.

கட்டளையை அந்த நிமிஷமே அழித்தேன்.

"வரியைத் திரும்பப் போடுறேண்ணே. உங்க பேரையும் உங்க நம்பரையும் குடுங்க" என்றேன்.

"என் போனு லொறியோட போயிரும். ரோட்டு வங்கி வளைவுல திரும்பினா சிக்னலே இல்ல. அவ போன்தான் எப்பவும் வீட்டுல. அதையே போடுங்க."

அது நியாயம்தான். "பேர்?"

"அவ பேர்தான்."

"அண்ணே..."

"அது என்ன சேர் உங்களுக்கு? மெஷின் கேக்கவா போகுது?"

மெஷின் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு காம்பராவுக்கு ஒரு வரிதான் டேபிள் ஏற்கும். அந்த ஒரு வரியில் அக்காவின் பேரை அடித்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொன்னபோது உங்கள் அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். "செத்தவங்க பேருக்கு ஓலை அனுப்புற மாதிரி இருக்குங்க. நல்லதுக்கில்ல" என்றார். நான் சிரித்துச் சமாளித்தேன்.

அடுத்த ஒத்திகையில் பட்டனை அமுக்கியதும், லயம் முழுக்க இன்னும் காலியாக இருக்க, முதல் ஆளாக அக்காவின் பேருக்கு நேரே ஒன்று விழுந்தது. யார் அமுக்கியது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டேன். கீழே அந்தச் சரசரப்பு. அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். எல்லாருக்கும் முன்னால் அவர் பேர்தான் பதில் சொல்லும். பிறகு பிறகு, அந்த ஒன்று விழும் வரைக்கும் நான் மூச்சை விடுவதில்லை என்று கண்டுபிடித்தேன். யாருக்காகக் காத்திருந்தேன் என்று கேட்காதீர்கள்.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் காலையில் பிடித்த மழை விடவேயில்லை. மத்தியானத்துக்கு மேல் ஆறு சத்தம் மாறிவிட்டது என்று கீழ்ப் பிரிவிலிருந்து சொன்னார்கள். தொரை அனுப்பச் சொன்னார். இது ஒத்திகை இல்லை. அமுக்கினேன்.

ஒன்றுகள் விழத் தொடங்கின. நான்காம் காம்பரா, இரண்டு, ஏழு. லயம் நிறைந்துகொண்டே வந்தது. மேலே அக்காவின் பேருக்கு நேரே மட்டும் ஒன்றுமில்லை.

மண்டபத்தில் இருந்த புதுக் கிளாக்கருக்குப் போன் எடுத்தேன். மழையில் குரல் அறுந்து அறுந்து வந்தது. "சேர், ஒண்ணாம் காம்பரா மக வந்திருக்கு. டியூசனிலிருந்து நேரா வந்திச்சு. அப்பா இல்ல."

போனை மகளிடம் கொடுக்கச் சொன்னேன். அவள் அம்மா என்னைத் தம்பி என்றதால் அவளுக்கு நான் மாமா.

"மாமா, அப்பா வீட்டுலதான். இன்னைக்கு லொறி போகல. ஒருக்கா கால் கிடைச்சிச்சு."

"என்ன சொன்னாரு?"

"'அம்மாவைக் கூப்பிட்டிருக்காங்க, அவ எந்திரிச்சு வரட்டும், ரெண்டு பேருமா வர்றோம்'னாரு. பிறகு கட்டாயிருச்சு. திரும்ப எடுத்தா போகவே இல்ல."

"யாராவது போய்க் கூட்டிட்டு வர முடியாதா?"

"எங்க பிரிவு வாச்சர் போனாரு. மதகுக்கு மேல தண்ணி. இந்தப் பக்கம் நின்னு கத்துறாங்க, அங்க கேக்கல. வீட்டுக்குப் பின்னால தேயிலைக்குள்ள ஏறி அவராத்தான் வரணும்."

எங்கள் பக்கத்தில் மழை நேரம் போன் கால் எடுபடாது. மெசேஜ் மட்டும் எப்படியாவது ஊர்ந்து போய்ச் சேர்ந்துவிடும். அந்தக் காம்பராவுக்கு இருந்த ஒரே வழி என் கையில் இருந்தது. அந்த வழியில் நான் ஒரு செத்த பேரை வைத்திருந்தேன். அந்தப் பேர் அவரை எழுப்பவில்லை, உட்கார்த்தி வைத்திருந்தது.

"அப்பா பேரை மாத்திப் போட்டு அனுப்புறேன்" என்றேன்.

"வேணாம் மாமா. அப்பா பேர் வந்தா அவரு அசைய மாட்டாரு. தனக்குன்னா அவருக்கு ஒண்ணுமே இல்ல இப்ப." தெளிவாகச் சொன்னாள். "என் பேரைப் போடுங்க. என்னைக் கூப்பிடுறாங்க, நான் வீட்டுல இல்லன்னு பார்த்தா தேடிக்கிட்டு வருவாரு."

மற்றவர்களை அழிக்காமல் மேலுக்கு மேல் சேர்க்கிற வழிக்காக, ஒரே ஒரு வரி உள்ள பைல் ஒன்றை அடித்தேன். ஒன்றாம் காம்பரா, மகள் பேர், அம்மாவின் போன் நம்பர். ஏற்றினேன். மெஷின் நின்றது. ஒன்றாம் காம்பராவுக்கு ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், அவரை அழித்துவிட்டு இவரைப் போடவா என்று கேட்டது. ஆமாம் என்றால் ஒரு எழுத்து, இல்லை என்றால் ஒரு எழுத்து. அதை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். எத்தனையோ பேரை அப்படி அழித்திருக்கிறேன். மாறிப் போனவர்கள், வேலையை விட்டவர்கள், செத்தவர்கள். ஒரு நாளும் விரல் நின்றதில்லை. அன்றைக்கு நின்றது. அறையில் யாரோ இருக்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயந்து, திரையையே பார்த்துக்கொண்டு, "அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்று வாய்விட்டுச் சொல்லி அமுக்கினேன்.

பேர் மாறியது. மெசேஜை அனுப்பினேன்.

பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினேன். ஜன்னல் இருண்டுகொண்டு வந்தது. கண்ணாடியில் தண்ணீர் வழிகிறதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மண்டபத்துக்கு எடுத்தால் கால் போகவில்லை. திரையில் மகளின் பேருக்கு நேரே காலியாகவே இருந்தது. நான் செய்தது சரியா, அக்காவின் பேரோடு அவரையும் சேர்த்து அழித்துவிட்டேனா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் இரண்டு பேரையும் நினைத்தேன். உங்கள் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் நான் எந்த மலைக்குள்ளிருந்தும் வருவேன் என்று நினைத்தேன். அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் பதில் அனுப்பவேயில்லை. பதில் அனுப்ப நிற்கவில்லை. தேயிலைக்குள் விழுந்து எழும்பி, கையெல்லாம் கிழிந்து, மகளின் பேரைக் கத்திக்கொண்டே மேலே ஏறி வந்திருக்கிறார். மண்டப வாசலில் மகளைப் பார்த்ததும், "உன்னையுமா கூப்பிட்டாங்க?" என்று கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். அவள் "என்னைத்தாம்பா கூப்பிட்டாங்க, நான் வந்துட்டேன்" என்றாளாம். இதெல்லாம் புதுக் கிளாக்கர் பிறகு சொன்னது.

அன்றைக்கு லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் மண் சரிந்து தண்ணீர்க் கானை அடைத்தது. கக்கூசுக் கதவு ஒன்று பெயர்ந்தது. அவ்வளவுதான். மழை விட்டதும் எல்லாரும் திரும்பிப் போனார்கள். ஒன்றாம் காம்பரா அப்படியே நிற்கிறது. அவர் உள்ளேயே இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம். அடுத்த மழைக்கு யார் உத்தரவாதம்?

அன்றைக்கே, போன் லைன் சரியானதும், அவர் மண்டபத்திலிருந்து என்னை அழைத்தார். அக்காவின் போனிலிருந்து. என் போனில் அக்காவின் பேர் விழுந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் எடுத்தேன்.

"சேர், அவ பேரை எடுத்தது நீங்களா?"

"ஆமாண்ணே."

பின்னால் பிள்ளைகள் சத்தமும் யாரோ தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற சத்தமும் கேட்டன. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"இனி அதுல மக பேரே இருக்கட்டும்" என்றார். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரிக் குரலைத் தணித்து, "எடுக்கிறதுக்கு முன்னால அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா சேர்?"

"சொன்னேண்ணே" என்றேன்.

"என்ன சொன்னா?"

நான் கட் பண்ணவில்லை. அவரும் கட் பண்ணவில்லை. இரண்டு பேரும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மூன்றாவது ஆள் ஏதாவது பேசுகிறாரா என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.